உச்சிவேளை மலை

ஆகாயம் தன் ரகசியத்தைப் புதுக்கோட்டைக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறது என்று பேராசிரியர் வெற்றிச்செல்வன் முழங்கினார். முழங்கிய இடம் கல்லூரி கேண்டீன். கேட்டவர்கள் வடைக்குக் காத்திருந்தார்கள்.

பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மேலுள்ள வானத்தில், நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மட்டும் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. கீழே தரையில் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியை வைத்தால், அது வரையும் கோடு உச்சிவேளையில் மேடுபோல ஏறும். கல்லூரித் தோட்டத்துக் கொட்டகையில் வைத்த கருவியிலோ அது மலையாகவே ஏறியது. அந்த மலையை நம்பி அவருடைய மாணவி கார்த்திகா வருடக்கணக்கில் எழுதிய ஆய்வேட்டை அடுத்த வாரம் கொடுக்க வேண்டும்.

அவளுக்கு ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை சின்ன மேடாகிவிடுகிறது. வானத்துக்கு ஏது வார விடுமுறை? அப்படியென்றால் மற்ற நாட்களில் கருவிக்குப் பக்கத்தில் இரும்பு ஏதோ வந்து நின்று கோட்டை ஏற்றிவிடுகிறது.

தயங்கித் தயங்கி அவர் அறைக்குப் போனாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானம் ஒங்க காரை கொட்டகைப் பக்கம் நிறுத்துறீங்களோன்னு..."

"என் காரா? ஏம்மா, அது ஒர்க்‌ஷாப்புல கெடந்து வருசமாச்சு. நான் டவுன் பஸ்ல தொங்கிக்கிட்டு வாரேன், நீ என்னடான்னா... அத வெளியில சொல்லிராத."

கார்த்திகா தோட்டத்துக்கு நடந்தாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கொட்டகையை ஒட்டிய புங்கமரத்தடியில் மட்டும்தான் நிழல். சீட் சுடாமலிருக்க அவள் தினமும் அந்நேரத்துக்குத் தன் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அங்கேதான் நிறுத்துவாள். இன்றும் நிறுத்தியிருந்தாள்.