உடன் வசிப்பவர்

ராணுவக்காரன் ஊரில் இல்லாவிட்டாலும் அவன் ஓட்டு ஊரில் விழும். அதற்கு சர்க்கார் ஒரு வழி வைத்திருக்கிறது. எனக்குப் பதிலாக இன்னார் போடுவார் என்று மேலதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால், அந்த இன்னார் வாக்குச்சாவடியில் தன் ஓட்டோடு அவன் ஓட்டையும் போட்டுவிட்டு வரலாம். லடாக்கில், பெயர் சொல்லக் கூடாத ஏதோ ஓர் உயரத்தில் இருந்த ஹவில்தார் சவுரிராயன், அப்படித் தன் மனைவி அமலாவின் பெயரை எழுதி அனுப்பியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அமலா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாக்காளர் முகாமுக்குப் போனாள். திண்டிவனத்தில் அவள் குடியிருந்த தெருமுனைப் பள்ளிக்கூடத்தில்தான் முகாம். மேசை போட்டு உட்கார்ந்திருந்தவள் கலைப்பிரியா. மற்ற நாளில் அங்கன்வாடி டீச்சர். தேர்தல் வந்துவிட்டால் அந்த வாக்குச்சாவடிப் பட்டியலுக்கே அவள்தான் பொறுப்பு.

“சாரோட பேப்பர் கரெக்டா இருக்குதுக்கா. ஆபீஸ்ல நானே சேத்துடறேன். உங்க பேரத்தான் காணோம்.”

“நல்லாப் பாரும்மா. ரெண்டு வருசமா இங்கதான இருக்கேன்.”

கலைப்பிரியா பக்கம் பக்கமாக விரல் வைத்துத் தேடினாள். கடைசியில், ராணுவத்தாருக்கென்று தனியாகப் போட்டிருந்த தாளில் அகப்பட்டது. சவுரிராயன். அவனுக்குக் கீழே அமலா. மனைவி, உடன் வசிப்பவர்.

“அக்கா, நீங்க அவருகூட இருக்கீங்கன்னு போட்ருக்குது. உங்க ஓட்டுச்சீட்டு அவரு யூனிட்டுக்குத்தான் போவும். இங்க போட முடியாது.”

அமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வாடகை வீட்டில் தனியாகச் சோறு பொங்கித் தனியாகத் தின்றுகொண்டிருந்த இரண்டு வருடமும், சர்க்கார் கணக்கில் அவள் பனிமலையில் புருஷனோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள்!

தப்பு யாருடையதும் இல்லை. பதான்கோட்டில் குடும்பக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு கிளார்க் வீடு வீடாக வந்து பெண்டாட்டிமாரிடம் கையெழுத்து வாங்கிப் பட்டியலில் சேர்த்தான். மூன்று வருடம் கழித்து சவுரிராயனை மலைக்கு அனுப்பினார்கள். அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். கேஸ், பேங்கு, ரேஷன் கார்டு என்று எல்லாவற்றையும் ஞாபகமாக மாற்றிக்கொண்டு வந்தவள் இந்த ஒரு பட்டியலை மறந்துபோனாள். பட்டாளத்துப் பெண்டாட்டிகளில் பாதிப் பேர் இப்படித்தான்.

போனால் போகிறது என்று விடவும் அமலாவால் முடியவில்லை. புருஷனுக்கு ஒரு சின்னம், அவளுக்கு வேறொரு சின்னம். பதான்கோட்டில் போன தேர்தலுக்கு, ஒரே சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் கையால் மறைத்துக்கொண்டு தபால் ஓட்டுப் போட்டார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோனதில், “என் ஓட்ட நீ தின்னுட்ட” என்று அவன் ஒரு வாரம் கேலி செய்தான். இந்தத் தடவை அவன் ஓட்டை மட்டும் போட்டால், தனக்குப் பிடிக்காத சின்னத்தைத் தானே அமுக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

“அதுக்கு வழி இருக்குதுக்கா. இந்த ஃபாரத்த நிரப்புங்க. கூடவே ஒரு லெட்டர். நான் என் கணவருடன் வசிக்கவில்லைன்னு உங்க கையால எழுதி, எந்தத் தேதிலேர்ந்து இங்க இருக்கீங்கன்னு போட்டுக் குடுங்க. புதங்கெழம சாயங்காலம் கடைசி.”

என்ன பெரிய கடிதம், இரண்டு வரி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் ஒரு நாளைக்கு எழுதுகிற எழுத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ‘நான் என் கணவருடன்’ வரைக்கும் வந்த பேனா அதற்கு மேல் நகரவில்லை. கட்டினவன் கைவிட்டுப் போனவள் கோர்ட்டில் எழுதிக்கொடுக்கிற வாசகம் மாதிரி இருந்தது. எதிர்வீட்டு முனியம்மாள் ஏற்கெனவே, “உங்க ஊட்டுக்காரரு வர்றதே இல்லியே, எதுனா சண்டையா?” என்று கேட்டுவிட்டாள். தாளைக் கிழித்துப் போட்டாள். திங்கட்கிழமையும் ஒரு தாள் கிழிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சவுரிராயன் கூப்பிட்டான். அங்கே ஒரே போன், ஆளுக்கு மூன்று நிமிஷம். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“எழுதாத அமலா.”

“ஏங்க?”

“ஆபீஸ்ல அந்த லிஸ்ட்ட ஒட்டி வெச்சிருக்கான். என் பேருக்குக் கீழ உன் பேரு இருக்குது. போவக்கொள்ள வரக்கொள்ள பாத்துக்கினு இருக்கேன். ஒரு ஓட்டுதான, போவட்டும் உடு.”

அவள் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்தபோது கோபம் வந்தது. அவனுக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பட்டியலாவது இருக்கிறது. இந்த வீட்டுச் சுவரில் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு என்ன இருக்கிறது, பல்லியைத் தவிர?

புதன்கிழமை காலை வேலைக்குப் போகப் பாசஞ்சரில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவளிடம், மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்த ஒரு பெரியவர், “பக்கத்துல ஆருனா வர்றாங்களாம்மா?” என்று கேட்டார்.

“யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான். உக்காருங்க.”

சொன்ன பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. மூன்று நாளாகத் தாளில் எழுத வராததை, பெயர் தெரியாத மனிதரிடம் வாய் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது! இரண்டு வருடமாக டிக்கெட் கவுண்டரில், ஓட்டலில், கல்யாண வீட்டுப் பந்தியில் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யோசனையில் முண்டியம்பாக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. விழுப்புரத்தில் எல்லோரும் இறங்கும்போதுதான் எழுந்தாள்.

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் தாளை விரித்தாள். நான் என் கணவருடன் வசிக்கவில்லை. ஜூன் பதினான்காம் தேதியிலிருந்து திண்டிவனத்தில் தனியாக வசித்து வருகிறேன். ஒரு அடித்தல் இல்லை. அன்று வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் கடிதத்தைக் கலைப்பிரியா கையில் கொடுத்துவிட்டாள். அடுத்த தடவை பேசும்போது இதை அவனிடம் சொல்லவில்லை. அதற்கடுத்த தடவையும் சொல்லவில்லை.

ஓட்டுப்போடுகிற நாளில் பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். அவள் ஓட்டுக்கு இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். பதில் ஓட்டு என்றதும் அதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அதுக்கு நடுவிரல்ம்மா” என்றார். முதலில் தன் சின்னத்தை அமுக்கினாள். மறுபடி உள்ளே போய் அவன் சின்னத்தை அமுக்கினாள். மனசார அமுக்கினாள் என்று சொல்ல முடியாது, ஆனால் ஏமாற்றவில்லை.

அன்று சாயங்காலம் அவன் கூப்பிட்டான்.

“போட்டியா?”

“போட்டேன். உங்களுதையும் என்னுதையும். இந்த வாட்டியும் உங்க ஓட்ட நான் தின்னுட்டேன்.”

சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

“இங்க பத்து நாளைக்கு முன்னாடி ஓட்டுச்சீட்டு வந்துச்சி அமலா. கிளார்க் ஒவ்வொரு பேரா கூப்ட்டுக் குடுத்தான். என் ஓட்டத்தான் உனக்கு எழுதிட்டேனே, எனக்கு வராதுன்னு தெரியும். உன் பேர கூப்புடுவான்னு கடைசி வரைக்கும் நின்னுகினு இருந்தேன்.”



“எழுதிக் குடுத்துட்டேங்க. உங்ககிட்ட சொல்ல முடியல.”

“தெரிஞ்சிக்கினேன். எந்தத் தேதிலேர்ந்துன்னு போட்ட?” என்று கேட்டான்.

“ஜூன் பதினாலு. இங்க வந்து எறங்கின தேதி.”

“பதினொண்ணாந் தேதிதான் நான் உன்ன பதான்கோட்ல ரயில் ஏத்தி உட்டேன்” என்றான் சவுரிராயன். “மூணு நாள் கம்மியாப் போட்டுட்ட.”

மூன்று நிமிஷம் முடிந்து லைன் போயிற்று. அமலா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.