வெள்ளையனுக்கு ஆகாத ஊசி

அருள்மொழி கணினியைப் போட்டபோது நோயாளிகளின் பெயர்ப்பட்டியல் வரவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் சில வரிகள் மட்டும் நின்றன. கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் அனுப்புங்கள், போலீசுக்குப் போனால் அழித்துவிடுவோம். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே வரிகள். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த கணினியிலும், டாக்டரின் மேசையில் இருந்ததிலும் அதுவே. மலைமேல் செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் வரவேற்பும் கணினிகளும் அவள் பொறுப்பு. நாமக்கல்லில் கணினி பழுது பார்க்கும் முரளிக்குப் போன் செய்தாள்.

"மொதல்ல நெட் ஒயரப் புடுங்குங்க," என்றான் அவன். "பேக்கப் டிஸ்க் உங்க ஊட்லதான இருக்குது?"

அவள் குனிந்து பார்த்தாள். டிஸ்க் கணினியின் பின்புறம் சொருகியபடியே இருந்தது. சாயங்காலம் நகல் எடுத்ததும் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், சொருகியே வைத்தால் கணினிக்கு வருவது அதற்கும் வரும் என்று முரளி சொல்லியிருந்தான். அவளும் பல மாதங்கள் அப்படித்தான் செய்தாள். ஐப்பசி மழையில் ஒருநாள் தொப்பலாக நனைந்து வந்தவளைப் பார்த்து டாக்டர் தனபால், "இத எதுக்குத் தெனமும் சொமந்துட்டுத் திரியற? இங்கயே இருக்கட்டும்" என்றார். மழை ஓய்ந்த பிறகு எடுத்துப் போகும்படி அவரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. கைப்பையில் கனம் குறைந்தது நன்றாகத்தான் இருந்தது.

முரளி மலையேறி வருவதற்குள் வாழவந்தி நாடு என்ற மலைக் கிராமத்திலிருந்து வெள்ளையனைப் பிக்கப் வண்டியில் கொண்டுவந்தார்கள். மண்வெட்டி பட்ட காயம் சீழ் பிடித்து, கால் தொடைவரை வீங்கியிருந்தது. காய்ச்சலில் கண்கள் மேலே செருகியிருந்தன. அவர் தலையை மடியில் தாங்கியபடி வந்த மனைவி குப்பாயி, டாக்டரைக் கண்டதும் கும்பிட்டாள்.

"போன தடவ இங்க ஊசி போட்டதும் இவுருக்கு மூச்சே நின்னு போச்சுங்க. நீங்கதான் திருப்பிக் கொண்டாந்தீங்க. அந்த ஊசி மட்டும் வேண்டாங்க சாமி."

தனபாலுக்கு அந்த நாள் நினைவிருந்தது. நீலம் பாரித்த உதடுகள், நெஞ்சின்மேல் தன் உள்ளங்கை, வாசலில் குப்பாயி போட்ட கூச்சல் எல்லாம் நினைவிருந்தது. மருந்தின் பெயர் மட்டும் வரவில்லை.

"சீட்டுல எழுதிக் குடுத்தேனே?"

"ஊடு ஒழுகி நனைஞ்சு போச்சுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, எப்ப வந்தாலும் காட்டும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

உண்மைதான். வெள்ளையன் என்று அடித்தால் ஆகாத மருந்தின் பெயர் திரையின் மேலே சிவப்பில் வரும்படி அருள்மொழிதான் பதிந்திருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். கண்ணை மூடி அந்த இடத்தை நினைவில் கொண்டுவரப் பார்த்தாள். சிவப்பு தெரிந்தது. எழுத்து தெரியவில்லை.

இந்தக் காயத்துக்குப் போடக்கூடிய ஊசி ஆஸ்பத்திரியில் இரண்டு வகைதான் இருந்தது. இரண்டில் எது ஆகாது என்று தெரியவில்லை. தனபால் இரண்டு குப்பிகளையும் கையில் எடுத்தார். இரண்டின் லேபிளையும் படித்தார். பிறகு தட்டில் வைத்துவிட்டு, குளுக்கோஸ் மட்டும் ஏற்றி, ஆம்புலன்சை வரவழைத்தார்.

"நாமக்கல்லுக்குக் கொண்டு போங்க. அங்க வேற மருந்து இருக்கும்."

"ஏனுங்க, இங்க ஒண்ணுமே போடலீங்களா?"

"போட்டு ஏதாச்சும் ஆயிட்டா?" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் வேகமெடுக்க முடியாது. அடிவாரத்தைத் தொடுவதற்கு முன்பே வெள்ளையன் இறந்துவிட்டார். டிரைவரின் போனை அருள்மொழிதான் எடுத்தாள். அப்போது முரளி வந்து டிஸ்க்கைத் தன் மடிக்கணினியில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுலயும் அதேதாங்க," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தவன், அவள் முகத்தைக் கண்டு மடிக்கணினியை மூடினான்.

பணம் கட்டினால் திறந்துவிடுமா என்று தனபால் கேட்டார். கட்டினாலும் திறப்பார்கள் என்று நிச்சயமில்லை என்றான் முரளி. சைபர் போலீசில் புகார் கொடுத்தார்கள். புகாரை வாங்கிக்கொண்டவர் பல கேள்விகள் கேட்டார். இதனால் யாருக்காவது ஏதாவது ஆனதா என்பது அவற்றில் இல்லை. முரளி எல்லாக் கணினிகளையும் துடைத்துப் புதிதாக நிறுவினான். இப்போது இரண்டு டிஸ்க், இரண்டும் வேறு வேறு வீட்டில். "நகல் எடுத்தா மட்டும் பத்தாதுங்க சார். அதுல இருந்து திருப்பி எடுக்க முடியுதான்னு அப்பப்பப் போட்டுப் பாக்கோணும்," என்றான். தனபால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றிலிருந்து அவர் சின்னக் காய்ச்சலுக்குக்கூட இரண்டு தடவை கேட்டபிறகே மருந்து எழுதினார்.

திருப்பி எடுக்க எதுவும் இல்லாததால் ஆட்களிடமே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அருள்மொழி ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போனாள். என்ன நோய், என்ன மாத்திரை, எது ஆகாது. சோளக்காடு என்ற ஊரில் மிளகு காயப் போட்டிருந்த ஒருவர் தனக்குச் சர்க்கரை இருப்பதையே மறந்திருந்தார். ஒருத்தி தன் மகளுக்கு வலிப்பு இருந்ததை எழுதவே விடவில்லை, கல்யாணம் ஆகவேண்டும் என்றாள். வாழவந்தி நாட்டை அருள்மொழி கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

குப்பாயி மரவள்ளிக் காட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள் அருள்மொழி. திட்டியிருந்தால் தேவலை.

"உக்காரு கண்ணு. வெயில்ல வந்திருக்கற."

"அம்மா, உங்களுக்கும் பிரஷருக்கு நம்மகிட்டதான் பாத்தீங்க. என்ன மாத்திரை சாப்புடறீங்கன்னு எழுதிக்கணும்."

குப்பாயி யோசித்தாள். பிறகு சங்கடமாகச் சிரித்தாள்.

"எனக்கெங்க தெரியுது கண்ணு. அவருதான் காத்தால ஒண்ணு, ராத்திரி ஒண்ணு எடுத்துக் கையில குடுப்பாரு. வாயில போட்டுக்குவேன். எதுன்னு ஒருநாளும் கேட்டதில்ல."

"இப்ப யாரு எடுத்துக் குடுக்கறாங்க?"

"குடுக்க யாரு இருக்கறாங்க?"

அருள்மொழி எழுதுவதை நிறுத்தினாள். பையிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து, காட்டு வேலையில் காய்ப்பேறிய அந்தக் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். கருவி இரைந்தது. பட்டை இறுகிக்கொண்டே போயிற்று. குப்பாயி கையை அசைக்காமல், அது என்ன சொல்லப்போகிறதோ என்று அருள்மொழியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.