சூளையில் வெந்த கல்

வளைகாப்பு வீட்டில் எதற்கெல்லாமோ சண்டை வரும். எந்த மலை மூத்தது என்று சண்டை வந்தது எங்கள் வீட்டில்தான். என் அக்காள் கணவர் கலியமூர்த்தி மாமா, எங்கள் ஊர் விருத்தாசலத்து மலைதான் ஆதிமலை என்றார். திருவண்ணாமலைக்காரரான சம்பந்தி தனக்கோடி, அப்படியொரு மலை கண்ணுக்கே தெரியவில்லையே என்றார். அது அவ்வளவு பழசு, மண்ணுக்குள் போய்விட்டது என்றார் மாமா. எங்கள் மலைதான் மூத்தது என்று ஒப்புக்கொள்ளும்வரை உங்கள் பெண் உங்களோடேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சம்பந்தி சாப்பிடாமல் பஸ் ஏறினார்.

மாமாவின் மகள் வாசுகிக்குப் பிள்ளை பிறந்தது. அப்பன் பேச்சைத் தட்டாத உத்தமனான மாப்பிள்ளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றாள். மாமாவின் கண்ணில் அது படவில்லை. மலையின் மானம் முக்கியமில்லையா?

அந்தச் சமயம் பார்த்து, எழுபத்திரண்டில், பாறைகளுக்கு வயது கண்டுபிடிக்கும் அதிகாரி அர்ச்சுனன் ஊருக்கு வந்தார். திருவண்ணாமலையில் ஏற்கெனவே கல் எடுத்துவிட்டாராம். மாமா விடுவாரா? தன் கிணற்றடியில் உடைத்த பாறைத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். கொடுக்குமுன் தன் பீங்கான் சூளையில் வைத்து நன்றாகச் சுட்டார். ஊறுகாய் ஜாடியும் ஃப்யூஸ் கட்டையும் செய்கிறவர். வேகாத சரக்கை வெளியூருக்கு அனுப்புவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

சில மாதம் கழித்து அர்ச்சுனன் வீட்டுக்கே வந்தார். பாறைக்குள் ஒருவகைப் பொட்டாசியம் மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறி உள்ளேயே அடைபட்டிருக்குமாம். அதை அளந்தால் வயது தெரியுமாம். திருவண்ணாமலைக் கல்லுக்கு இருநூறு கோடி வருஷத்துக்கு மேல். எங்கள் கல்லில் வாயுவே இல்லை, நேற்றுப் பிறந்தது மாதிரி இருக்கிறது என்றார். கடும் சூடு பட்டால் வாயு வெளியேறி, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குமாம்.

"இதை நெருப்புல ஏதும் வச்சீங்களா? வச்சிருந்தா வேற கல்லு எடுத்துப் பாக்கலாம். இன்னும் ஒரு வருஷம் ஆவும்."

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் வாசுகி பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"இல்லீங்க. கிணத்துல எடுத்தபடியே குடுத்தோங்க."

அர்ச்சுனன் சூளைப் புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். காகிதத்தை மடித்துக்கொண்டார். மாமாவும் மகளைப் பார்த்தார். பிள்ளை பிறந்ததிலிருந்து அன்றுதான் சரியாகப் பார்த்திருப்பார். "ஆமாங்க" என்றார்.

மறுநாளே எல்லோரும் திருவண்ணாமலை போனோம். உங்கள் மலைதான் மூத்தது என்று மாமா சொன்னதும், அந்த மலையைத் தானே பெற்று வளர்த்தவர்போல் தனக்கோடி மீசையைத் தடவிக்கொண்டார். மாப்பிள்ளை ஓடிவந்து பிள்ளையை வாங்கினான். அது அவன் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு யாரோ தெரியாதவர் தூக்கிக்கொண்டார் என்று வீறிட்டு அழுது, வாசுகியிடம் தாவியது.