பெரியவர் கை படாத துறைமுகம்

மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாடுபட்டுச் சேர்த்த அறிவு முழுவதும் இரண்டாம் வகுப்பில்தான் முதன்முறையாக ஒரு குழந்தையின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. குழந்தை அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொடுத்துவிடுகிறது.

ராயபுரத்தில் அப்படி வாங்கிக்கொண்ட அப்பாக்களில் செல்வநாதனை மிஞ்ச ஆள் கிடையாது. துறைமுக வாயிலில் கண்டெய்னர் லாரிகளின் அனுமதிச் சீட்டைச் சரிபார்ப்பது அவர் வேலை. பகலெல்லாம் டிரைலர் ஓட்டுநர்களிடம் கத்திவிட்டு வந்து, குளித்து, மாதா படத்துக்கு முன்னால் ஒரு சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, மகள் ஜெனியின் புத்தகப் பையைத் திறப்பார். ஜெனி அந்த நேரத்தில் கட்டிலில் குப்புறப் படுத்து, எதிர் மாடிப் பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த ஒரு வருடத்தில் அவர் கற்றது கொஞ்சமில்லை. கணக்கில் பத்துகள், ஒன்றுகள் என்று குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டப் பழகினார். சூழ்நிலையியலில் உயிருள்ளவை, உயிரற்றவை வந்தபோது, நகர்கிற மேகத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று வாயிலில் மூன்று லாரிகளை நிறுத்திவைத்து யோசித்தார். ஆங்கிலப் பாட்டுகளைக் கைச் சைகையோடுதான் பாட வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்ததால், குளியலறையிலும் சைகையோடு பாடினார். ஒருமுறை வாளி கவிழ்ந்தது. ‘நமக்கு உதவுபவர்கள்’ என்ற பாடத்தில் தபால்காரர், மருத்துவர், தீயணைப்பு வீரர் எல்லாரும் இருந்தார்கள். துறைமுக வாயில் எழுத்தர் இல்லை. தீயணைப்பு வீரருக்குப் பக்கத்தில் தன் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை ஒட்டி அனுப்பினார். மிஸ் அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, கேள்விக்குறி வைத்துத் திருப்பி அனுப்பினார்.

வீட்டுப்பாடத்தில் ஜெனிக்கு எப்போதும் நட்சத்திரம் விழும். வகுப்புத் தேர்வில் மட்டும் அந்த நட்சத்திரம் எங்கே போகிறது என்று தெரியாது. இதைப் பற்றி, அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருக்கும் அவர் மனைவி சுகிர்தத்துக்கு ஒரு கருத்து இருந்தது.

“பரீட்சைக்கும் நீயே யூனிபார்ம் மாட்டிகினு போயேன். நீயாவது பாஸாவ.”

தந்தையின் கடமை என்பது மீன் கழுவுகிறவர்களுக்குப் புரியாது என்ற பாவனையில் செல்வநாதன் பென்சிலைச் சீவுவார்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. ‘நமது துறைமுகம்’ என்று ஒரு கண்காட்சி. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒவ்வொன்றும் துறைமுகத்தின் மாதிரி ஒன்றைச் செய்து வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஓவியம் என்று படித்தது அத்தனையும் அதில் தெரிய வேண்டும். குழந்தையின் சொந்த முயற்சியாக இருக்க வேண்டும். முதல் பரிசு பெறும் குழந்தையின் பெற்றோர், எல்லாருக்கும் முன்னால் மேடையேறி, ‘என் குழந்தை எப்படிக் கற்கிறது’ என்று பேசலாம்.

செல்வநாதன் அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். வாழ்க்கையில் அவரை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. பங்குத் திருவிழாவில்கூட மைக் செட்டுக்காரனை மேற்பார்வை பார்க்கத்தான் விடுவார்கள். ஒரு வருடமாக இரண்டாம் வகுப்பைத் தோளில் சுமக்கிற ஒரு மனிதனைப் பற்றி இந்த ஊருக்குத் தெரிய வேண்டாமா? மாதிரியைத் தொடங்குவதற்கு முன்பே பேச்சைத் தயார் செய்துவிட்டார். அதில் மூன்று இடங்களில் கைதட்டலுக்கு இடம் விட்டிருந்தார்.

மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் சொன்னால் மோட்டார், விளக்கோடு துறைமுகமே செய்து தருவான், பாதி வகுப்பு அங்கேதான் சொல்லியிருக்கிறது என்றாள் சுகிர்தம். செல்வநாதனுக்குக் கோபம் வந்தது. அது ஏமாற்று வேலை என்றார். குழந்தையின் சொந்த முயற்சி என்றால் சொந்த முயற்சிதான் என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை ஜெனியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். விரலை வெட்டிக்கொள்வாளாம். வண்ணம் பூசக் கேட்டாள், கவுனில் கொட்டிக்கொள்வாளாம். கடைசியில் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொறுப்பு அவளிடம் ஒப்படைக்கப்பட்டது. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுப் பூனையிடம் போய்விட்டாள்.

தெர்மக்கோலில் கப்பல் வெட்டுவது சுலபம் என்று நினைத்திருந்தார். வெட்டி முடித்தபோது அது செருப்பு மாதிரி இருந்தது. அதுவும் இடது கால் செருப்பு. பரவாயில்லை, சாயம் பூசினால் சரியாகிவிடும் என்று, கிடங்கில் இரும்புக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட்டை ஒரு டப்பாவில் கேட்டு வாங்கி வந்தார். அசல் கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட் என்பதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெயிண்ட்டில் கலந்திருக்கிற தின்னருக்குத் தெர்மக்கோல் என்றால் உயிர். பூசிய இடமெல்லாம் உஸ்ஸென்று உள்வாங்கிக் குழி விழுந்தது. சுகிர்தம் எட்டிப் பார்த்துவிட்டு, கப்பலுக்கு அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை வைக்கலாமா என்று கேட்டாள்.

செல்வநாதன் தளரவில்லை. ஐஸ்குச்சியில் கிரேன் செய்தார்; அது கும்பிடு போடுவதுபோல் குனிந்தே நின்றது. தீப்பெட்டிகளைக் கண்டெய்னராக்கிப் பத்துகள், ஒன்றுகள் என்று அடுக்கினார், கணக்கு ஆயிற்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்ச்சீட்டு ஒட்டினார்; மொழிகள் ஆயின. உயிருள்ளவைக்கு ஒரு மீன் வரைந்து வெட்டி ஒட்டினார். மீன் கப்பலைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அதன் முகத்தில் ஏனோ ஒரு சிரிப்பும் இருந்தது. முடித்ததும் தள்ளி நின்று பார்த்தார். இவ்வளவு அழகான துறைமுகத்தில் தான் வேலை பார்த்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

கண்காட்சி அன்று காலை மாதிரியைத் துணி போட்டு மூடி, ஜெனியோடும் சுகிர்தத்தோடும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார். அதே ஆட்டோவில்தான் ஜெனியின் வகுப்புத் தோழி டெபோராவும் தன் துறைமுகத்தோடு வருவாள். காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிற ஜெரால்டின் மகள். செல்வநாதன் வாயிலில் கையெழுத்துப் போட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஷூ போட்டுக்கொண்டு, பேச்சை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடி பள்ளிக்குப் போனார்.

மண்டபத்தில் முப்பது துறைமுகங்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் இருபத்தைந்துக்கும் மேல் ஒரே ஜெராக்ஸ் கடைத் துறைமுகம். ஒரே மாதிரி நீலம், ஒரே மாதிரி கிரேன், ஒரே மாதிரி மினுமினுக்கும் விளக்கு. அப்படிப்பட்ட ஒன்றுக்குப் பின்னால் ஜெனி நின்றுகொண்டிருந்தாள். அவள் கழுத்தில் அவளுடைய பெயர் அட்டை. மேசையிலும் அவள் பெயர். கிரேன் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

செல்வநாதன் தன் துறைமுகத்தைத் தேடினார். அது இரண்டு மேசை தள்ளி டெபோராவின் முன்னால் இருந்தது. சிரிக்கிற மீனின் முதுகை டெபோரா தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

யாரோ மிஸ் மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஜெனியிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார். அவள் கிரேனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“மாத்திக்கினோம்பா. ஆட்டோல. அவளுக்கு அந்த மீன் புட்ச்சுப் போச்சு. டைனோசர் ரப்பரும் குட்த்தேன்.”

“அது நம்ப துறைமுகம்டி.”

“உன்துதான? என்னிய ஒண்ணுகூட வெட்ட உடல நீ. இதுவும் டெபோரா பண்ல, கடைக்கார அண்ணன் பண்ணுச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டாள்: “இதுல லைட்டு எரியுதுப்பா.”

செல்வநாதன் சுகிர்தத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே ஆட்டோவில் வந்தவள் அவள். இரண்டு துறைமுகங்களும் மடி மாறியபோது நடுவில் உட்கார்ந்திருந்தவள். டிரைலர்காரன் போலிச் சீட்டு நீட்டினால் அவருக்குத் தூரத்திலேயே தெரியும். சொந்த வீட்டிலிருந்து ஒரு கப்பல் கைமாறிப் போனது தெரியவில்லை.

அப்போதுதான் ஜெரால்ட் வந்தார். மகள் முன்னால் இருந்ததைப் பார்த்தார். தான் சொல்லிச் செய்யவைத்த துறைமுகம் இது இல்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. கோபப்படவில்லை. செல்வநாதனின் தோளில் கை போட்டார்.

“இன்னா மாமு, நம்ப கப்பலு முழுகிகினுகீது. எவன் கட்னது இத? கைல கெட்ச்சா சொல்லு, காசிமேட்டுல ரிப்பேர் வேலைக்கு வெச்சுக்கலாம்.”

செல்வநாதனும் சிரிக்க வேண்டியிருந்தது.

நடுவராக வந்தவர் அருள்பிரகாசம். திருவொற்றியூரில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு மேசையிலும் நின்று, யார் செய்தது என்று கேட்டார். குழந்தைகள் எல்லாரும் நான்தான் என்றார்கள். மேசைக்கு மேசை அதே கிரேன் சுற்றுவதைப் பார்த்தபடி, அவர் வெரிகுட் என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார். ஜெனியிடமும் வெரிகுட்தான். டெபோராவின் மேசையில் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். கப்பலின் குழிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். மீனிடம் வந்தபோது அவர் கண் கலங்கியதைச் செல்வநாதன் கண்டார்.

எல்லாரும் நாற்காலிகளில் உட்கார்ந்ததும் மேடையேறி மைக்கைப் பிடித்தார். இந்தக் காலத்தில் குழந்தைகளைப் படிக்கவிடாமல் பெற்றோர்களே படித்துவிடுகிறார்கள் என்றார். பெற்றோர் பக்கம் சிலர் செருமினார்கள். இந்த மண்டபத்தில் பெரியவர் கை படாத மாதிரி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றார். கோணலாக வெட்டிய கப்பல், தலை குனிந்த கிரேன், கப்பலைவிடப் பெரிய மீன். ஏழு வயதுக் குழந்தையின் மனசு அப்படியே தெரிகிறது என்றார். முதல் பரிசு டெபோராவுக்கு.

டெபோரா கோப்பையை வாங்கிக்கொண்டாள். அவள் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். என் குழந்தை எப்படிக் கற்கிறது?

ஜெரால்ட் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அவரிடம் பேச்சு எதுவும் இல்லை. தெரிந்ததைச் சொன்னார்.

“நான் இதுல ஒண்ணுமே பண்லீங்க. இந்தக் கப்பல இன்னிக்குத்தான் மொதல்ல பாக்குறேன். அவ்ளோதாங்க.”

மண்டபம் அதிர்ந்தது. இப்படி ஒரு தகப்பனா என்று ஒரு மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியை எழுந்து நின்று தட்டினார். செல்வநாதன் தன் பேச்சில் மூன்று இடங்களில் விட்டுவைத்திருந்த கைதட்டல்கள் எல்லாம் சேர்ந்து அந்த மூன்று வாக்கியத்துக்கு விழுந்தன. பக்கத்தில் ஜெனியும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்று அது என்னுடையது என்று சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. கால் பாதி எழுந்தும்விட்டது. ஜெனி சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“சொல்லாதப்பா. சொன்னா நீ பண்ணேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

அவளுக்காகச் சொல்கிறாளா, அவருக்காகச் சொல்கிறாளா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்காகத்தான். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் டீக்குக் கலைந்த பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. அருள்பிரகாசம் சமோசாவோடு தனியாக நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் போனார். ஒரு பெற்றோர் என்ற முறையில், எழுத்துத் தமிழில் கேட்டார்: அந்தக் கப்பலைப் பெரியவர் எவரும் செய்திருக்க முடியாது என்று ஐயா எவ்வாறு அத்தனை உறுதியாகச் சொன்னீர்கள்?

அருள்பிரகாசத்துக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. சமோசாவைக் கீழே வைத்துவிட்டு, கத்தரிக்கோல் பிடிப்பதுபோல் விரலை மடக்கிக் காட்டினார். கை வளைவுக்குத் திரும்பாமல் நேராகவே போயிருக்கிறது. எது பெரியது, எது சிறியது என்ற அளவு இன்னும் பிடிபடவில்லை. எந்தச் சாயம் எதன் மேல் நிற்கும் என்று யோசிக்கிற பருவம் வரவில்லை. முப்பத்தாறு வருடம் சின்னப் பிள்ளைகளின் கையைப் பார்த்தவனை யாரும் ஏமாற்ற முடியாது என்றார். செல்வநாதனின் முகம் போன போக்கைப் பார்த்து, இவர் குழந்தையும் இப்படித்தான் செய்கிறது போலிருக்கிறது என்று எண்ணி, அவர் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

“கவலப்படாதீங்க சார். எட்டு வயசு ஆச்சுன்னா தானா சரியாயிடும்.”

செல்வநாதனுக்குப் போன புரட்டாசியோடு நாற்பத்து நான்கு முடிந்திருந்தது.