ஊர் திரும்புவோர் சந்தை

"அந்த பூட்ஸோட வந்தேன்னா நான் உன்கூட வரமாட்டேன்," என்றாள் சீக்ரூன். சூடான இஸ்திரிப் பெட்டி மகள் பக்கம் நீண்டிருந்தது. "பூப்போட்ட சட்டையைப் போடு. சிரி. சம்பளத்தைப் பத்தி வாயே தொறக்காதே."

"வேலை கேக்கப் போறேன்மா, மாப்பிள்ளை தேட இல்ல."

"இந்த ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான்டி."

பொய்யில்லை. கிறிஸ்துமஸ் வாத்துக்கறி செரிக்கும் முன்பே, டிசம்பர் இருபத்தேழாம் தேதி, ஜெர்மனியின் கிழக்கே, லவுசிட்ஸ் பகுதியின் அந்த நிலக்கரி ஊர் விளையாட்டுக் கூடத்தில், கம்பெனிகள் மேசை போட்டு ஆளெடுக்கும் ஊர் திரும்புவோர் சந்தை கூடிவிடும். பிழைக்க மேற்கே போன பிள்ளைகள் அம்மா வீட்டில் இருக்கும் வாரம் அது ஒன்றுதான். பிடித்தால் அப்போதுதான் பிடிக்கலாம், முக்கியமாகப் பெண்களை. பள்ளி முடித்த கையோடு அவர்கள் ரயிலேறிவிட, ஊரில் மிஞ்சியது பையன்களும் அவர்களுடைய மோட்டார் பைக்குகளும். போன வருடம் ஊர்த் தீயணைப்புப் படை நடத்திய நடன விழாவில் ஆண்கள் ஆண்களோடேயே ஆடினார்கள். இரண்டு பேருக்குக் கால்விரல் நசுங்கியது.

மகள் யாங்கா மேற்கே ஸ்டுட்கார்ட்டில் கனரக எந்திரங்களைப் பழுது பார்ப்பவள். பதினோரு ஆண்கள் அவள் சொல்படி வேலை செய்கிறார்கள். இந்தக் குளிர்காலத்தில் அம்மாவின் முழங்கால் மாடிப்படி ஏற மறுத்துவிட்டது. பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கு இங்கே ஒரு வேலை வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பூட்ஸோடுதான் போனாள். அம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள்.

சுரங்கக் கம்பெனி மேசையில் மேலாளர் நோவாக் இருந்தார். பின்னால் ஒரு அட்டை: 'எந்திரப் பழுது, மூன்று இடங்கள், உடனே!' கம்பெனி வாசலில் ஒன்றரை வருடமாகத் தொங்கியதில் அந்த 'உடனே' வெளிறிப்போயிருந்தது.

"சர்டிபிகேட்டெல்லாம் ஜோரா இருக்கும்மா. ரிசப்ஷன்ல ஒரு இடம் இருக்கு. அரை நாள்தான். நாளைக்குக் குழந்தை குட்டின்னு ஆனா வசதி."

"நான் கேக்கறது அந்த அட்டையில இருக்கிற வேலை, சார்."

"கிரீஸு, குளிரு, பசங்க பேச்சு வேற ஒரு மாதிரி. பொம்பளைங்களுக்குத் தாங்காது." குரலைத் தாழ்த்தினார். "என் பையன் ரிக்கோவைத் தெரியும்ல? அதோ, சாசேஜ் சுடறான். முப்பத்திரண்டு வயசு. தங்கமான பையன். இன்னும் அவங்கம்மாதான் சாக்ஸ் துவைக்கிறா. பாவம், அவளுக்கும் வயசாகுது."

அட்டைக்கு மேலே ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. 'நம் பெருமை' என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். கரி வெட்டும் ராட்சத எந்திரத்தின் ஓட்டுநர் கூண்டில், கரி அப்பிய முகத்தோடு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு இளம்பெண்.

"அவங்களுக்குத் தாங்குச்சா சார்?"

"அது அந்தக் காலம்மா. அப்ப ஆள் பஞ்சம்."

"இப்ப?"

"இப்பவும் ஆள் பஞ்சம்தான்," என்றார் நோவாக், யோசிக்காமல்.

சீக்ரூன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். அவள் முகம்தான் அது. ஏழு வருடம் அந்தக் கூண்டில் உட்கார்ந்தவள். கிழக்கும் மேற்கும் சேர்ந்து நாடு ஒன்றானதும், "ஆம்பளைங்களுக்குக் குடும்பம் இருக்கு" என்று கம்பெனி முதலில் பெண்களை வெளியே அனுப்பியது. இடுப்பில் இருந்த கைக்குழந்தை யாங்கா மட்டும் குடும்பத்தில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. பிறகு இருபத்தெட்டு வருடம் ரொட்டிக் கடை. அவள் எந்திரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்த பையன் நோவாக் மேலாளர் ஆனான்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அதன் மேல் ஏறினாள். சாசேஜ் இடுக்கியோடு ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டவன் ரிக்கோ. தங்கமான பையன்தான்.

"சீக்ரூன், அது கம்பெனி சொத்து!"

"எந்திரம் உங்க சொத்துடா நோவாக். உள்ள உக்காந்திருக்கிறவளைத்தான் வேண்டாம்னு கடுதாசி குடுத்துட்டீங்களே."

படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

அந்த வருடச் சந்தை அறிக்கையில், திரும்பி வந்த பெண்கள் எத்தனை பேர் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. கிளம்பிப் போனவர்களுக்குக் கட்டமே கிடையாது.

ஸ்டுட்கார்ட்டில் யாங்காவின் குடியிருப்பில் லிஃப்ட் உண்டு. மேற்கே போகும் ரயிலில் சீக்ரூன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அங்கயும் அரை நாள் வேலைதான்னு சொல்வாங்களா?"

"சொல்வாங்கம்மா. சொல்றவன் எல்லா ஊர்லயும் இருக்கான்."

சீக்ரூன் மகளுடைய காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த பூட்ஸ் என் அளவுல கிடைக்குமாடி?"