ஹோர்ஸ்டுக்கு ஒரு நேர்முக வர்ணனை

எனக்குக் காற்பந்து பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சனிக்கிழமை காலை எட்டரை ஆனால், டெக்சாஸில் கேட்டி என்கிற ஊரில் எங்கள் மகள் ரூபிகாவின் வீட்டில் ஜெர்மன் காற்பந்துதான் ஓடும். என் கணவர் அரியரட்ணம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் இருக்கும் ஹோர்ஸ்டுக்கு ஆட்டத்தை ஜெர்மன் மொழியில் விவரிப்பார். இடியப்பம் ஆறிப்போகும். கூப்பிட்டால் கையைக் காட்டுவார்.

ஹோர்ஸ்ட் இவரோடு தொழிற்சாலையில் வேலை செய்தவர். எண்பத்தேழில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக அங்கே போய் இறங்கிய குளிரில், எங்களுக்குக் கதவைத் திறந்த முதல் வீடு அவருடையது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு டிவியில் நாட்டுக்கே இலவசமாகக் கோல்களைக் காட்டுவார்கள். இவருக்கு ஒரு சொல் விளங்காது. ஹோர்ஸ்ட் பக்கத்தில் இருந்து விரலால் காட்டிக் காட்டிச் சொல்லுவார். இவருடைய ஜெர்மன் அந்த வீட்டுச் சோபாவில் படித்ததுதான். ஹோர்ஸ்டின் மனைவி அன்றைக்கு எனக்குத் தன் கம்பளிக் கோட்டைத் தந்தார். டெக்சாஸ் வெக்கையிலும் அதை நான் எறியவில்லை.

பிறகு ஒளிபரப்பு உரிமையைத் துண்டு துண்டாக விற்றார்கள். மாலைச் சுருக்கம் இன்னும் சும்மா வருகிறதுதான். நேரடி ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் ஒரு கொம்பனி, மறுநாள் இன்னொரு கொம்பனி, ஐரோப்பியக் கிண்ணத்துக்கு வேறொன்று. எண்பது வயது ஹோர்ஸ்டுக்கு பாஸ்வேர்ட் என்றாலே தலை சுற்றும், பென்ஷனும் இடம் கொடுக்காது. இங்கே கேட்டியிலோ முழு லீக்கும் ஒரே ஆப்பில் வருகிறது. ஜெர்மன்காரனுக்கு எட்டாதது யாழ்ப்பாணத்தானுக்கு டெக்சாஸில் கிடைக்கிறது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

இரண்டு வருடத்துக்கு முன் ஹோர்ஸ்டின் மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து இவர் ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. ஒரு கிழமை விட்டாலும் அந்த மனுசன் தனித்துப் போய்விடும் என்று இவருக்குப் பயம்.

போன மாதம் இவருக்குத் தொண்டை அடைத்துக் குரலே போய்விட்டது. ஒரு கிழமை வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை எட்டு இருபத்தைந்துக்குப் போனை என் கையில் வைத்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் இந்த மனுசன் என்னைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

என் ஜெர்மன், அங்கே நான் வேலை செய்த ஆஸ்பத்திரிச் சமையலறை ஜெர்மன். உருளைக்கிழங்கு உரிக்கச் சொன்னால் சொல்லுவேன், ஓஃப்சைடுக்கு நான் எங்கே போவேன்? மஞ்சள் சட்டை ஹோர்ஸ்டின் டோர்ட்முண்ட் என்று மட்டும் தெரியும். மஞ்சள் ஓடுது, வெள்ளை பறிச்சிட்டுது, மஞ்சள் விழுந்து கிடக்குது என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொல்லிக்கொண்டு போனேன். ஹோர்ஸ்ட் பொறுமையாக ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் கோல் போட்டது. நான் கத்தினேன், அவரும் கத்தினார். அரை நிமிடம் போகவில்லை, அதே மூலையில் இன்னொரு கோல். இரண்டாவதும் போட்டுவிட்டார்கள் என்று இன்னும் பலமாகக் கத்தினேன்.

ஹோர்ஸ்ட் மெதுவாகத் திருத்தினார்.

"இல்லை வசந்தா, அது ரீப்ளே. இன்னும் ஒண்டுக்குப் பூச்சியம்தான்."

திரையைப் பார்த்தேன். ஒன்றுக்குப் பூச்சியம்தான். அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. ஆட்டத்தைப் பார்க்காத மனுசனுக்கு இது எப்படித் தெரியும்?

கேட்டேன். மறைக்காமல் சொன்னார். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் ரேடியோ ஓடுகிறதாம். சனிக்கிழமை ஆட்டமெல்லாம் அதில் நேரடியாக, இலவசமாக வருமாம். எங்கள் டிவிக்குக் கோல் வந்து சேர ஒரு நிமிடம் முன்பே அவருக்குத் தெரிந்துவிடுமாம். இரண்டு வருடமாக ஒவ்வொரு கோலையும் இரண்டு தரம் கேட்டு, இரண்டாம் தரம் இவருக்காகத் துள்ளியிருக்கிறார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருட இடியப்பம்!

"பிறகு ஏன் ஹோர்ஸ்ட் இந்த மனுசனைத் தொண்டை கிழியக் கத்த வைச்சனீங்கள்?"

"ரேடியோ என்னை, சாப்பிட்டியா எண்டு கேக்காது வசந்தா. அரி கேப்பான்."

அரிக்கு மட்டும் சொல்லிவிடாதே, தான் எனக்கு உதவுவதாக நினைத்து அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்றார்.

ஆனால் ரகசியம் காப்பதற்கும் எனக்கும் வெகு தூரம். போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஹோர்ஸ்டிடம் ரேடியோ இருக்கிறது என்று இவரிடம் உடனே சொல்லிவிட்டேன். இவர் துளியும் ஆச்சரியப்படவில்லை. ரூபிகா கடைச் சாமான் எழுதி வைத்த துண்டைத் திருப்பி எழுதிக் காட்டினார்: 'முதல் மாதமே தெரியும். ரேடியோச் சத்தம் போனில் கேட்கும். நீ நிப்பாட்டாதே.'

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் இப்படி ஏமாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நடுவில் நான்தான் மடைச்சி. திட்டத்தான் வாயைத் திறந்தேன், அந்தக் கம்பளிக் கோட்டு நினைவுக்கு வந்து கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மனுசனை எங்களுக்குத் தந்த அந்தக் குளிருக்குக்கூட நான் நன்றி சொல்ல வேண்டும்.

போனைத் திரும்பக் காதில் வைத்தேன்.

"ஹோர்ஸ்ட், சாப்பிட்டீங்களோ?"

இல்லை என்றார். அங்கே மாலை நாலேகால். கோப்பையில் எதையாவது போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கோ, இடைவேளை முடியும்வரை நான் லைனில் நிற்கிறேன் என்றேன்.