நகப்பூச்சு வைத்த துளை

எனக்கு என் நாத்தனார்மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்வானேன்? அவள் என்னைவிட ஒல்லி, என்னைவிடச் சம்பளம் அதிகம், இதெல்லாம்கூட எனக்குப் பெரிதில்லை. என் வீட்டுக்காரர் அவளுக்கென்று ஒரு பெயர் வைத்திருக்கிறார். வாலு. ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே ஆட்டிப் படைக்கிற தலைமை நர்ஸ் அவள். தலையில் நரைகூட எட்டிப் பார்க்கிறது. இவருக்கு மட்டும் இன்னும் வாலுதான். போனில் அந்தப் பெயரைச் சொல்லும்போதே இவர் குரல் ஒரு படி ஏறும்.

எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து "இங்க பாரு" என்பதுதான் என் பெயர். அவசரமென்றால் "பாரு". கூட்டத்தில் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு கனைப்பு. நானும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன்.

அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் ஒரு பாய்ப் படகு ஓட்டியிருக்கிறார்கள். மாமனார் வாங்கியது, மரப் படகு. அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்னால் ஒருவர் சுக்கானைப் பிடிப்பார், முன்னால் ஒருவர் சின்னப் பாயின் கயிற்றைப் பிடிப்பார். பின்னால் இவர், முன்னால் வாலு. அவள் வேலைக்கு வெளியூர் போனதும் படகு எங்கள் கொட்டகைக்குள் போய்விட்டது. மேலே தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேலே வீட்டில் வேண்டாத சாமான்கள் எல்லாம்.

அதை வெளியே இழுத்துப் போட்டது நான்தான். படகின்மேல் ஆசை என்று நினைக்க வேண்டாம். எனக்கு நீச்சலே அரைகுறை. வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது சோறு, கரண்ட் பில், சாவி எங்கே என்பதோடு சரி. பேச ஒரு விஷயம் கிடைக்குமே என்று பார்த்தேன். கிடைத்தது. எதிரெதிரே உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது இந்த மனிதர் தானாகப் பேசினார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, வேலைக்குப் போன முதல் நாள் செருப்பு அறுந்தது, இன்னும் என்னென்னவோ. தலை முழுக்க மரத்தூளோடு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சில மாதம் நான் கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன்.

பேச்சில் பாதி வாலுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாய்மரத்தைத் தூக்கி நிறுத்த மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று படகின் மூக்குக்குப் போகும். மற்ற இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக, வரிசையாகத் துளை போட்ட ஒரு தகட்டில் மாட்டப்படும். எந்தத் துளையில் பின்னைச் செருகுகிறோமோ அதற்கேற்ப மரம் நேராக நிற்கும், அல்லது சாயும். அந்தத் தகட்டில் துருவைச் சுரண்டும்போது கீழிருந்து மூன்றாவது துளைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. பெயிண்ட் மாதிரி இல்லை.

"நெயில் பாலிஷ்" என்றார் இவர். சிரிப்பு காதுவரை போனது. "வாலு வெச்சது. எந்தத் துளைன்னு நான் மறந்து மறந்து போவேன், அதுக்காக."

நான் பிளேடை அதன்மேல் வைத்தேன்.

"அது இருக்கட்டும்."

இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் விட்டுவிட்டேன்.

பாய்மரத்தின் அடி உட்காருகிற கட்டை உளுத்துப் போயிருந்தது. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடுகிற கை. ஆசாரியிடம் நல்ல மரத்துண்டாக வாங்கி, அளவு குறித்து, குழி தோண்டி, புதுக் கட்டையை நானே பொருத்தினேன். அது பழையதைவிட ஒரு விரல் கனம். அதனால் மரமும் ஒரு விரல் உயர்ந்துவிட்டது. போன வாரம் வீட்டு வாசலில் மரத்தை நிறுத்திப் பார்த்தபோது மூன்றாவது துளைக்குக் கம்பி போதவில்லை, நாலாவதில்தான் சரியாக உட்கார்ந்தது. இவரும் கூடத்தான் இருந்தார். "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு "பரவாயில்லையே"வை வைத்து நான் ஒரு வாரம் ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறக்குவதாக ஏற்பாடு. முன்னால் உட்காரப்போவது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கடையில் போய் என் அளவுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டே வாங்கிவிட்டேன். கட்டில் காலில் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டுப் பழகினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வாலு வந்து இறங்கினாள். தகவலே இல்லை.

"லீவு கிடைச்சுது அண்ணி. படகை இறக்கறீங்கன்னு அண்ணன் சொன்னான். நான் இல்லாம எப்படி இறக்குவீங்க?"

"அதானே" என்றேன். என் முகத்தில் ஈயாடவில்லை என்பதை அவள் கவனித்தாளோ என்னவோ. இவருக்கு என் முகம் எங்கே கண்ணில் பட்டது?

மறுநாள் காலை ஏரிக்கரைச் சரிவில் படகை வைத்ததும், என் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து அவள் மாட்டிக்கொண்டாள். வேண்டுமென்றே செய்ததாகச் சொல்ல மாட்டேன். வண்டியில் இரண்டு இருந்தன, ஒன்றை இவர் எடுத்தார், மற்றதை அவள் எடுத்தாள். அவள் உடம்புக்கு அது தொளதொளவென்று இருந்தது. பட்டையை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கடைசிவரை இழுத்து இறுக்கினாள்.

அப்புறம் இரண்டு பேரும் வேலையை ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதுதான் கொடுமை. ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் கையை நீட்டினால் அதில் கயிறு இருக்கும். அவள் தலையை ஆட்டினால் இவர் மரத்தின் அடியைத் தூக்குவார். இந்த மனிதருக்கு நான் மாதக்கணக்காக ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "அது இல்லை, பெரிசு" என்பார். இங்கே அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு தவறு நடக்கவில்லை. நான் துணியை வைத்துக்கொண்டு ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, அந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்துங்களேன்" என்றாள். நகர்த்தினேன். என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு அடுப்பே பற்ற வைத்திருக்கலாம்.

மரத்தை நிறுத்தினார்கள். வாலு பக்கத் தகட்டிடம் குனிந்தாள்.

"அட, என் பொட்டு" என்றாள். "அண்ணா, இங்க பாரேன். இன்னும் இருக்கு."

"இருக்காதா பின்னே?" என்றார் இவர். என்னவோ இவரே அதைப் பெட்டியில் பூட்டிக் காப்பாற்றியது போல.

இரண்டு பக்கமும் அந்த மூன்றாவது துளையிலேயே பின்னைச் செருகி வளையத்தை மாட்டினாள். கம்பி போதாததால் மரம் பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டது. மூன்று என்பது இப்போது தப்பு. அது எனக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் திறக்கவில்லை. படட்டும் என்று நின்றேன்.

மூக்குக் கம்பியின் நுனியில் கட்டியிருந்த கயிற்றைப் படகின் மூக்கிலிருந்த வளையத்தில் கொடுத்து, மரத்தை நிமிர்த்த இரண்டு பேரும் இழுத்தார்கள். மரம் நிமிரவில்லை.

"ஏன் வர மாட்டேங்குது?" என்றாள் வாலு.

"ரொம்ப நாளாச்சுல்ல, இறுகிப் போயிருக்கும். இன்னும் கொஞ்சம் இழு."

"துளை சரிதானே அண்ணா?"

"மூணுதான். எப்பவும் மூணுதானே."

எப்பவும் மூணுதானே. போன வாரம் வாசலில் நின்று "பரவாயில்லையே" என்று சொன்னதும் இதே வாய்தான். நான் அளந்தது, குழி தோண்டியது, விரலில் சிராய் ஏறி இரண்டு நாள் வீங்கியது, எதுவும் இவர் தலையில் தங்கவில்லை. பொட்டு மட்டும் தங்கியிருக்கிறது. அந்த நிமிடம் எனக்கு அவள்மேல் இருந்ததைவிட இவர்மேல் ஆத்திரம் அதிகமாக இருந்தது.

காலை உதைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார்கள். மரத்தின் அடியில் முனகலாக ஒரு சத்தம். என் கட்டை. இன்னொரு இழுப்புக்கு அது பிளந்துவிடும்.

"விடுங்க" என்றேன். "நாலாவது துளை. கட்டையை மாத்தியாச்சு. மரம் ஒரு விரல் உயரம் ஜாஸ்தி. போன வாரமே பார்த்தோம்."

இரண்டு பேரும் கயிற்றை விட்டார்கள். இவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஆமால்ல" என்றார். அவ்வளவுதான். ஆமால்ல.

நான் குனிந்து பின்னைக் கழற்றி, அந்தச் சிவப்புப் பொட்டுக்கு மேலே இருந்த துளையில் செருகினேன். அந்தப் பக்கமும் போய் அப்படியே செய்தேன். கயிற்றை ஒரே இழுப்பு; மரம் சமர்த்தாக நிமிர்ந்து நின்றது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நிமிர்ந்து வாலுவின் முகத்தைப் பார்த்தேன். அதற்காகத்தானே இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன்?

அவள் என்னைப் பார்க்கவில்லை. படகுக்குள் தலையை விட்டு அந்தக் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது நீங்க பண்ணதா அண்ணி?"

"ஆமா."

"போன்ல இதைப் பத்தியேதான் பேசுவான். அண்ணி கட்டை மாத்தினா, அண்ணி வார்னிஷ் அடிச்சா, அண்ணிக்கு நல்ல கை." அவள் கை இன்னும் கட்டையின்மேலேயே இருந்தது. "எத்தனை வருஷமா நான் கேட்டிருக்கேன், படகை வெளியில எடு, எடுன்னு. நேரமில்லை, இடுப்பு வலின்னு சாக்கு சொல்லிட்டே இருந்தான். நீங்க சொன்னதும் எடுத்துட்டான். அதான் லீவு போட்டுட்டு ஓடி வந்தேன். நான் வர்றதுக்குள்ள என் இடத்துல வேற யாராவது உட்கார்ந்துடுவாங்களோன்னு."

எனக்கு நல்ல கை என்று இவர் சொல்லியிருக்கிறார். என்னிடம் இல்லை, போனில், அவளிடம். இதற்குச் சந்தோஷப்படுவதா, அவளுக்குத்தான் அதைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் எரிவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

இவர் அதற்குள் பெரிய பாயை ஏற்றிவிட்டு, படகைத் தண்ணீரில் தள்ளி, முழங்காலளவு ஆழத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் படபடவென்று அடித்தது. முதுகுக்குப் பின்னால் இவ்வளவு நடந்ததில் ஒரு துளிகூட இவர் காதில் விழவில்லை.

"காத்து நின்னுடப் போகுது. யாராவது ஒருத்தர் ஏறுங்க" என்றார்.

யாராவது ஒருத்தர். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த மனிதருக்காகவா இத்தனையும் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அதுவேதான் தோன்றியிருக்க வேண்டும்; உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள், ஆனால் கண் கலங்கியிருந்தது.

ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"நீங்க போங்க. நாலாவது துளை எனக்குத் தெரியாது."

பெரிய மனசு பண்ணி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். அவள் இறுக்கி வைத்திருந்ததில் அது எனக்கு மார்பைக்கூடச் சுற்றி வரவில்லை. பட்டையை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். இவர் தண்ணீரில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். வாலு குனிந்து, எனக்கு எட்டாத பக்கத்துப் பட்டையைத் தானே தளர்த்திவிட்டாள்.

ஏறி முன்னால் உட்கார்ந்தேன். சின்னப் பாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். படகு கரையைவிட்டு விலகியது. அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. என் கட்டை ஒரு முனகல்கூட முனகாமல் மரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கரையில் வாலு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் காற்று பக்கவாட்டில் வந்து மோதியது. படகு சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. நான் ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வாலு, இழு" என்று பின்னாலிருந்து கத்தினார்.

திரும்பி இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயம் இல்லை, சந்தேகம் இல்லை. முன்னால் இருப்பவள் இழுத்துவிடுவாள் என்று முழுசாக நம்புகிற முகம். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கக் கிடைத்தபோதும் அதில் என் பெயர் இல்லை.

தண்ணீரின்மேல் குரல் வெகுதூரம் போகும். கரையில் வாலு செருப்பைக் கீழே போட்டாள். நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத கயிற்றைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். இழுத்த பிறகுதான் தன் கையைக் குனிந்து பார்த்தாள். பார்த்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

"வாலு, இழுன்னா இழு."

கயிறு என் கையில்தான் இருந்தது. இழுத்தேன்.